ஸ்பிட்ஃபயர் மாடலில் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நீங்கள் இப்போது கொஞ்சம் கடுப்பில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மாடல் நன்றாக வந்துகொண்டிருந்தால் யாரும் இப்படி ஒரு கட்டுரையைத் தேடி வரமாட்டார்கள். எங்கேயோ பெயின்ட் உரிந்திருக்கும், வார்னிஷ் வெளுத்திருக்கும், இல்லை இறக்கை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது என்பதால் ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் கிட், 1940 கோடை, பிரிட்டன் வான்போர், 1/48 அளவு. நான் மூன்று முறை கட்டி இரண்டு முறை கெடுத்தது இதைத்தான். மூன்றுமே பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) ஏஇசட் என்ற அடையாள எழுத்துகளோடு. அந்தப் பிரிவின் முழுப் பெயரில் ‘மெட்ராஸ் பிரெசிடென்சி’ என்று நம் ஊர் இருக்கிறது. போருக்கு மாகாணத்திலிருந்து போன நிதியை ஒட்டி வந்த பெயர். டிஃபையன்ட் விமானங்களை ஓட்டிய 264-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் இதே பெயர்தான். இன்னொரு வேடிக்கை: உண்மையான ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 36 அடி 10 அங்குலம், அதாவது 11.23 மீட்டர். 48-ஆல் வகுத்தால் 234 மில்லிமீட்டர்! கணக்கு போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கோளாறு கண்ணில் படுகிற இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னங்கள், எழுத்துகள்) ஒட்டும்போது தெரிகிற குறைக்குக் காரணம் அதற்கு முன் அடித்த வார்னிஷில் இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது தெரிகிற பிளவுக்குக் காரணம் பசை போட்ட நாளில் இருக்கும். அதனால் கையில் இருக்கிற பாட்டிலைத் திட்டுவதற்கு முன் இரண்டு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

இறக்கையும் உடலும் சேருகிற இடத்தில் இடைவெளி

ஸ்பிட்ஃபயர் கட்டுகிறவர்கள் முதலில் சந்திக்கிற தொல்லை இது. மேல் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு கோடு, சில சமயம் தபால் அட்டை நுழைகிற அளவுக்கு. உடனே கை புட்டிக்குத்தான் (இடைவெளியை நிரப்பும் பூச்சுக்கு) போகும். போகவிடாதீர்கள்.

முதலில் விமானத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி மூக்குப் பக்கமிருந்து பாருங்கள். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் ஏறக்குறைய 6 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். உங்களுடையது தட்டையாக இருக்கிறதா? அப்படியானால் அந்த இடைவெளியும் இந்தத் தட்டையும் ஒரே நோய். இறக்கை கீழே தொங்குவதால் மேலே வாய் பிளந்திருக்கிறது. புட்டி வைத்தால் பிளவு மூடும், ஆனால் விமானம் கடைசிவரை சோர்ந்துபோன காக்கை மாதிரி நிற்கும்.

பசை போடுவதற்கு முன் என்றால் வைத்தியம் சுலபம். இறக்கையை இடத்தில் பொருத்துங்கள். ஒரு நுனியில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, உடலுக்கு மேலாக இழுத்து, அடுத்த நுனியில் ஒட்டுங்கள். டேப் இழுக்க இழுக்க இரண்டு இறக்கையும் மேலே எழும், இடைவெளி கண்ணெதிரே மூடும். மூடிய நிலையில், தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய பசையைத் தூரிகை நுனியால் கோட்டின் ஒரு முனையில் தொடுங்கள். அது தானே கோடு முழுக்க ஓடிப்போகும். அந்த ஓட்டத்தைப் பார்ப்பது இந்தப் பொழுதுபோக்கின் சின்னச் சின்ன சுகங்களில் ஒன்று. ஒரு ராத்திரி டேப்பை எடுக்காதீர்கள்.

டேப் இழுத்தும் மூடவில்லையா? அப்போது உடல்தான் ஒல்லியாக இருக்கிறது. உடலின் இரண்டு பாதிகளை ஒட்டும்போது ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருப்பீர்கள். கிட்டின் பாகங்கள் வந்த சட்டத்திலிருந்து ஒரு துண்டு குச்சியை வெட்டி, உடலின் உள்ளே குறுக்கே முட்டுக் கொடுத்து அகட்டுங்கள். கொஞ்சம் நீளமாக வெட்டிவிட்டு, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சரிபாருங்கள். நான் முதல் தடவை ஒரே வெட்டில் சரியாக வெட்டப்போய் நான்கு குச்சி வீணாக்கினேன்.

எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகு படிக்கிறீர்கள் என்றால் புட்டிதான் வழி. அதிலும் சாய்வு சரியாக இருந்து இடைவெளி மட்டும் இருந்தால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சொருகி ஒட்டித் தேய்ப்பது புட்டியைவிட நன்றாக நிற்கும்.

மூடிவிட்டேன் என்று நினைத்த இணைப்புக் கோடு பெயின்ட்டுக்குப் பிறகு திரும்ப வருகிறது

தேய்த்தது போதவில்லை என்று தோன்றும். பல சமயம் தேய்த்தது போதும், காத்திருந்ததுதான் போதாது. டியூபில் வருகிற புட்டியில் கரைப்பான் இருக்கிறது. அது ஆவியாகப் போகப் போகப் புட்டி உள்வாங்கும். நீங்கள் மறுநாளே தேய்த்துச் சமமாக்கிவிட்டீர்கள். அது அடுத்த நான்கு நாள் மெதுவாகச் சுருங்கியது. பசையாலும் இதே கதை நடக்கும், ஏனென்றால் பிளாஸ்டிக் பசை ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கை உருக்கித்தான் இணைக்கிறது. உருகிய இடம் இறுக நேரம் எடுக்கும்.

எனக்குக் கைகொடுப்பது சூப்பர் குளூவோடு முகப் பவுடரைக் குழைத்த கலவை. சுருங்கவே சுருங்காது. அவசரமென்றால் மேலே ஒரு சிட்டிகை ஆப்பசோடா தூவினால் அந்த நொடியே கல்லாகும். கல் என்று சும்மா சொல்லவில்லை. விட்டுவைத்தால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, தேய்க்கும்போது பக்கத்துப் பிளாஸ்டிக் கரையும், கலவை அப்படியே மேடாக நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 600, 1000 என்று போகலாம்.

சரியாகிவிட்டதா என்று கண்ணை நம்பாதீர்கள். அந்தக் கோட்டின் மேல் மட்டும் வெள்ளி நிறப் பெயின்ட்டை ஒரு கை பூசிவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். வெள்ளி எதையும் மறைக்காது.

பிளாஸ்டிக்கில் விரல் ரேகை உருகிப் பதிந்துவிட்டது

மெல்லிய பசை விரலுக்கும் பாகத்துக்கும் நடுவில் ஓடியிருக்கிறது. துடைக்காதீர்கள், துடைத்தால் ரேகை போய்ப் பள்ளம் வரும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, இறுகிய பிறகு தேயுங்கள். முக்கால்வாசி போய்விடும்.

மாஸ்கிங் டேப்பை உரித்தால் பெயின்ட்டும் கூடவே வருகிறது

இதில் அழுகை வரும், தெரியும். மண் நிறத்தை அடித்து, காயவைத்து, கரும்பச்சைக்கு டேப் கட்டி, ஆசையோடு உரிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து வரும்.

உரிந்த டேப்பைக் கசக்கித் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. திருப்பி அதன் ஒட்டும் பக்கத்தைப் பாருங்கள். பெயின்ட்டோடு பிரைமரும் (நிறத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சும்) சேர்ந்து வந்து மாடலில் வெறும் பிளாஸ்டிக் தெரிகிறதா? அல்லது பெயின்ட் மட்டும் வந்து பிரைமர் இடத்திலேயே இருக்கிறதா?

வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் குற்றவாளி பெட்டியைத் திறந்த நாளிலேயே இருக்கிறான். அச்சிலிருந்து பாகங்கள் சுலபமாகக் கழன்று வருவதற்கு ஆலையில் ஒரு வழுக்குப் பொருள் பூசுவார்கள். அதன் மிச்சம் பாகத்தில் ஒட்டியிருக்கும். அதோடு நீங்கள் இரண்டு வாரம் கையில் வைத்துத் தேய்த்த எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருக்கும். கட்டத் தொடங்கும் முன் எல்லாப் பாகங்களையும் சட்டத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் கழுவிக் காயவைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், இறக்கை வளைந்துபோகும். பிரைமருக்கு முந்தைய நாள் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடைப்பு.

பிரைமர் அப்படியே இருந்து மேல்பூச்சு மட்டும் வந்திருந்தால் அவசரம்தான் காரணம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் தொட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்ட மாதிரி இருக்கும். தொடுகிற அளவுக்குக் காய்வது வேறு, டேப்பைத் தாங்குகிற அளவுக்கு இறுகுவது வேறு. ஒரு நாளாவது விடுங்கள், மழைக்காலம் என்றால் இரண்டு நாள்.

டேப்பிலும் தப்பு இருக்கலாம். ஹார்டுவேர் கடையில் சுவருக்கு விற்கிற அகல டேப் மாடலுக்கு மிகவும் முரட்டுத்தனமானது. வேறு இல்லையென்றால், ஒட்டுவதற்கு முன் அதைப் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பிடிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உரிக்கும்போது மேலே பிடுங்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்து, மேற்பரப்பை ஒட்டியபடி மெதுவாக இழுக்க வேண்டும்.

உரிந்த இடத்தைச் சரிசெய்ய: ஓரத்தில் மேடு தட்டும். அதை 1000 நம்பர் பேப்பரில் ஈரத்தோடு தேய்த்துச் சரிவாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர், பிறகு நிறம். மேட்டோடு பெயின்ட் அடித்தால் உலக வரைபடம் மாதிரி தெரியும்.

உரிதல் பாதி விமானத்துக்கு மேல் போய்விட்டால் மொத்தமாகக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குவதே நிம்மதி. அக்ரிலிக் என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும். வீட்டில் இருக்கிறதே என்று நகப்பூச்சு நீக்கியை எடுத்துவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், பெயின்ட்டோடு விமானத்தையும் கரைக்கும். என் முதல் ஸ்பிட்ஃபயரின் வால் அப்படித்தான் மெழுகாக வழிந்தது.

ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவியில்) அடித்த பரப்பு சொரசொரவென்று இருக்கிறது

விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி. பெயின்ட் துளி காற்றிலேயே காய்ந்து, தூளாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மே மாதத்தில் மின்விசிறியை ஓடவிட்டுக்கொண்டு அடித்தால் இது நிச்சயம். மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. கையை மாடலுக்கு நெருக்கமாகக் கொண்டுபோங்கள். பெயின்ட்டைப் பால் பதத்துக்குத் தின்னர் விட்டுக் கலக்குங்கள்: கிண்ணத்தின் சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலமாக வழிந்து இறங்க வேண்டும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் ஓரிரு சொட்டு சேர்க்கலாம். காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். ஏற்கெனவே சொரசொரத்ததை 2000 நம்பர் பேப்பரில் ஈரத்தோடு இலேசாக நீவினால் போய்விடும்.

இதற்கு நேர் எதிரானது, பெயின்ட் அடித்த இடத்திலிருந்து சிலந்திக்கால் மாதிரி நாலாபுறமும் ஓடுவது. தின்னர் அதிகம், அல்லது அழுத்தம் அதிகம், அல்லது ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

நடுநடுவே தண்ணீர்த் துளியாகத் துப்பினால் பெயின்ட்டைக் குறை சொல்லாதீர்கள். ஈரக்காற்றைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது நீர் பிரிந்து குழாயில் சேர்கிறது. ஈரப்பொறியைத் திறந்து வடியுங்கள். கிண்ணத்தில் குமிழ் கொப்பளித்தால் முன்னாலுள்ள நாசில் சரியாக முறுக்கப்படவில்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

வார்னிஷ் அடித்ததும் விமானம் பனி படிந்தது போல் வெளுத்துவிட்டது

வேலை எல்லாம் முடிந்து கடைசிக் கையில் வருகிற இடி இது. எனக்கு ஒரு நவம்பர் மாத மாலையில் வந்தது. வெளியே தூறல், ஜன்னல் திறந்திருந்தது. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்து, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கரும்பச்சை முழுவதும் விபூதி பூசிய மாதிரி இருந்தது. இரண்டு மாத உழைப்பு. அன்று ராத்திரி அதை அலமாரிக்குள் முகம் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஆனால் இது பெரும்பாலும் திரும்பி வரக்கூடிய கோளாறு. முதலில் எந்த வகை வெளுப்பு என்று பாருங்கள். விரலில் தண்ணீர் தொட்டு வெளுத்த இடத்தில் தடவுங்கள். ஈரமானதும் நிறம் திரும்பி வந்து, காய்ந்ததும் மறுபடி வெளுக்கிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளிப்பரப்புதான் கரடாகி ஒளியைச் சிதறடிக்கிறது. மேட் வார்னிஷின் மங்கலுக்குக் காரணமான தூள் அடியில் தங்கியிருந்து கட்டியாக வந்திருக்கும், அல்லது அளவுக்கு மேல் அடித்திருப்பீர்கள். மேலே ஒரு கை கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அடியுங்கள். அந்தக் கரட்டுப் பள்ளங்கள் நிரம்பி நிறம் அப்படியே மேலே வரும். பிறகு நன்றாகக் குலுக்கிய மேட் வார்னிஷை மெல்லிய கையாக, இரண்டு தடவையாக.

காட்டமான கரைப்பான் கொண்ட லேக்கர் வகை வார்னிஷ் என்றால் கதை வேறு. அதன் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறத்தில் துளிர்ப்பது போல நீர் படிந்து, படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வெயில் அடிக்கிற ஒரு வறண்ட நாள் வரைக்கும் பொறுத்திருந்து, மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய மூட்டமாக அடித்தால் படலம் கொஞ்சம் இளகி, மாட்டிய நீர் வெளியேறும். சொதசொதவென்று அடித்தால் கீழே உள்ள கேமோவும் (மண் நிறமும் கரும்பச்சையும் கொண்ட உருமறைப்பு வண்ணமும்) சேர்ந்து இளகும். லேக்கர் வாசனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், சரியான வடிகட்டி போட்ட முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம். சாதாரணத் துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் நான் இப்போது வார்னிஷ் பாட்டிலையே தொடுவதில்லை. அந்த இரண்டு மாதம் காக்பிட் கட்டுவதற்கும் இணைப்புத் தேய்ப்பதற்கும் ஆனது.

மேல்பூச்சு சுருங்கித் தோல் மாதிரி மடிந்துவிட்டது

எனாமலுக்கு மேல் லேக்கர் அடித்திருக்கிறீர்கள். காட்டமான கரைப்பான் கீழே, சாதுவானது மேலே: லேக்கர், அதன் மேல் அக்ரிலிக், அதன் மேல் எனாமல். சுருங்கியதற்கு மருந்தில்லை, கழற்றத்தான் வேண்டும்.

டெக்காலின் ஓரத்தில் வெள்ளி மாதிரி பளபளப்பு

டெக்கால் படலத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் காற்று மாட்டியிருக்கிறது. மேட் பெயின்ட்டின் பரப்பு மேடும் பள்ளமுமானது. அதன் மேல் நேராக ஒட்டினால் பள்ளமெல்லாம் காற்று நிற்கும். டெக்காலுக்கு முன் கிளாஸ் வார்னிஷ் என்று சொல்வது பளபளப்புக்காக அல்ல, பள்ளங்களை நிரப்புவதற்காக.

வந்துவிட்டதற்கு: மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் நாலைந்து குத்து குத்தி, டெக்கால் மென்மைப்படுத்தும் திரவத்தைத் தூரிகையால் வைத்து ஓடவிடுங்கள். காய்ந்ததும் பார்த்து, மீண்டும் ஒரு தடவை. மூன்றாம் தடவையில் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்தத் திரவம் பட்டதும் டெக்கால் கிழவியின் கன்னம் மாதிரி சுருங்கும். பதறிப்போய் விரலை வைத்தால் கிழிந்துவிடும். விட்டுவிடுங்கள், காயும்போது தானே படிந்து, பேனல் கோட்டுக்குள்ளும் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோட்டுக்குள்ளும்) இறங்கும்.

பழைய கிட்டின் டெக்கால் தண்ணீரில் போட்டதும் தூள் தூளாகிறதா? வெட்டுவதற்கு முன் தாள் முழுக்கக் கிளாஸ் வார்னிஷ் ஒரு கை. பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டிக் கத்தரியுங்கள். மஞ்சளடித்திருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில்பக்கம் ஒட்டி வைத்தால் சில வாரத்தில் வெளுக்கும்.

கேனபி (விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி) உள்பக்கம் மூடுபனி

சூப்பர் குளூவின் ஆவி. அது காற்றிலுள்ள ஈரத்தோடும் விரல் எண்ணெயோடும் சேர்ந்து வெள்ளையாகப் படியும். கேனபியை இனி ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள், காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். படிந்த மூடுபனியை, வெளியே எடுக்க முடிந்தால், ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் போக்கலாம். பிறகு தெளிவான அக்ரிலிக் கிளாஸில் முக்கி எடுத்து, தூசி விழாமல் கவிழ்த்த டப்பாவுக்குள் காயவையுங்கள். கேனபியை மூடி ஒட்டிவிட்ட பிறகு உள்ளே பனித்தால், வெள்ளைப் பசை என்றால் ஈரத் துணியால் ஊறவைத்துக் கழற்றலாம், சூப்பர் குளூ என்றால் விதியே என்று இருக்க வேண்டியதுதான்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் 1940 மாதிரி இல்லை

கையில் தப்பில்லை, தகவலில் தப்பு. இதைப் பற்றி எனக்கு ஒரு பக்கத்துக்கு மேலேயே புலம்ப முடியும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வாலுக்கு முன் உடலைச் சுற்றி வெளிர் பட்டையும், மூக்குக் கூம்பில் அதே வெளிர் நிறமும் அடித்திருக்கிறீர்களா? அவை 1940 நவம்பர் கடைசியில்தான் வந்தன. பிரிட்டன் வான்போர் அக்டோபரோடு முடிந்தது. ஆகஸ்டில் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்த 234-ஆம் ஸ்குவாட்ரன் விமானத்துக்குப் பட்டையும் இல்லை, கூம்பும் கருப்பு.

அடிப்பக்கத்து ‘ஸ்கை’ நிறத்தை வானநீலமாக அடித்திருந்தால் பெயரைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள். அது வெளிறிய பச்சை கலந்த நிறம்: முருங்கைக்கீரை வெந்த தண்ணீரில் பால் ஊற்றினால் வருமே, அது. ஆனால் இங்கே ஒரு தப்பிக்கும் வழியும் உண்டு. ஜூன் 1940-ல் இந்த நிறத்துக்கு உத்தரவு வந்தபோது பெயின்ட் தட்டுப்பாடு. தளங்களில் ஆளாளுக்குக் கலந்து அடித்தார்கள், நீலச் சாயல் கொண்டவையும் பறந்தன. அதனால் உங்கள் மாடலின் அடி கொஞ்சம் நீலமாக வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

கேமோ வளைவுகள் புகைப்படத்துக்கு நேர்மாறாக இருந்தால் கை தவறவில்லை என்றே நினைக்கிறேன். அப்போது ஏ, பி என்று இரண்டு வடிவங்கள் இருந்தன, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். எந்த எண்ணுள்ள விமானத்தைச் செய்கிறீர்களோ அதன் புகைப்படத்தைப் பாருங்கள், வேறொன்றின் படத்தை அல்ல. இரு நிறங்கள் சேரும் ஓரம் பஞ்சு மாதிரி மங்கலாக வந்திருந்தால் அதுவும் உறுத்தும். நிஜத்தில் ஓரம் ஓர் அங்குலம் மங்கினால் உங்கள் அளவில் அரை மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

இறக்கையின் அடியிலுள்ள இரண்டு பெட்டிகளை இடம் மாற்றி ஒட்டுவது இன்னொன்று. மார்க் 1-ல் பெரிய ரேடியேட்டர் வலது இறக்கைக்குக் கீழே, ஒல்லியான ஆயில் கூலர் இடது இறக்கைக்குக் கீழே. மாடலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஒட்டுவதால் இடம் வலம் மாறிப்போகிறது. நான் செய்திருக்கிறேன். விமானி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்தைத் தீர்மானியுங்கள்.

கடைசியாகப் பழுது, அழுக்கு. வெள்ளி நிறக் கீறல்களை எல்லா இடத்திலும் போட்டால் பொய்யாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஆண்டின் ஸ்பிட்ஃபயரில் வாலிலும் இறக்கையிலும் அசைகிற பாகங்களான ரடர், எலிவேட்டர், எய்லரான் மூன்றும் துணி போர்த்தியவை. துணி கீறினால் அலுமினியம் எப்படித் தெரியும்? விமானி ஏறும் கதவு இடது பக்கம். ஆகவே பூட்ஸ் பட்டுத் தேய்ந்த இடம் இடது இறக்கை உடலோடு சேருகிற இடத்தின் மேல்பக்கத்தில்தான் அதிகம் இருக்க வேண்டும். வலது பக்கத்திலும் அதே அளவு தேய்த்திருந்தால், யார் ஏறினார்கள் அங்கே?

இன்னும் ஒன்று. இறக்கையின் முன்விளிம்பில் எட்டு பிரவுனிங் துப்பாக்கி வாய்களையும் சிவப்புத் துணியால் ஒட்டி மூடியிருப்பார்கள், அழுக்கும் ஈரமும் உள்ளே போகாமலிருக்க. முதல் குண்டிலேயே துணி கிழிந்துவிடும். கிட்டில் அந்தச் சிவப்புத் துண்டுகள் டெக்காலாக வந்திருக்கும், நாமும் பத்திரமாக ஒட்டிவிட்டு, பின்னாலேயே கரும்புகைக் கோடும் இழுத்துவிடுவோம். துணி கிழியாமல் சுட்ட துப்பாக்கி! இரண்டில் ஒன்றை வையுங்கள். என் மூன்றாவது ஸ்பிட்ஃபயரில் இடது இறக்கையில் மட்டும் துணிகளைக் கிழித்துவிட்டு, வலதில் முழுசாக வைத்துவிட்டேன். அதைப் பார்த்த ஒரு நண்பர், “வலது பக்கத் துப்பாக்கியெல்லாம் ஜாமா?” என்று கேட்டார். பதில் இல்லை. அன்று இரவே நான்கு துண்டுகளையும் ஈரப் பஞ்சில் ஊறவைத்து எடுத்தேன்.